எஃப் கார்டும் எங்கள் அத்தையும்

ஐம்பதைத் தொட்ட ஒருவன் கார் வாங்கப்போகிறேன் என்றால் மைலேஜ் கேட்பார்கள். மனை வாங்கப்போகிறேன் என்றால் பட்டா இருக்கிறதா என்பார்கள். கிடார் வாங்கப்போகிறேன் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மகள் கல்லூரிக்கு கோவை போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்கள் சட்டென்று காலியாகிவிட்டன. மனைவி யோகா வகுப்பில் சேர்ந்துகொண்டாள். "நீங்களும் எதிலயாவது சேருங்க, சும்மா ஃபேனைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காதீங்க" என்று அவள் சொன்னது பூங்காவில் நடப்பதை மனதில் வைத்து. கிடார் அவள் பட்டியலிலேயே இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து, ரேடியோவைத் திருப்பினால் பாட்டின் ஏதோ ஒரு மூலையில் கிடார் கேட்டுக்கொண்டே இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இளையராஜாவே கிடார்க்காரர்தான், தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர், லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஆனால் நாங்கள் கண்ணால் பார்த்தது அவர் கிடாரை இல்லை, கதாநாயகன் கையில் இருந்த கிடாரை. அவன் இடது கை விரல்கள் பல்லவியில் எங்கே இருந்தனவோ சரணம் முடியும்வரை அங்கேயே இருக்கும். மழையில் நனைந்தாலும் சுருதி இறங்காது. கதாநாயகி மலையேறினால் கிடாரும் கூடவே ஏறும். இது என்ன பெரிய வித்தை என்ற தைரியம் ஒரு தலைமுறைக்கே வந்ததற்கு நம்முடைய நடன இயக்குநர்கள்தான் பொறுப்பு.

வகுப்பு பெரம்பூரில். ரயில்வே பணிமனைகளும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுமாக வளர்ந்த பகுதி. சென்னையில் கிடாருக்கு வேர் விட்ட இடங்களில் அதுவும் ஒன்று. தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடத்தில், ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் சொல்லித்தருகிறார். காலையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார், சாயங்காலம் எங்களைச் சகித்துக்கொள்வார். பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், அதுவும் கை வைக்காத நாற்காலிகள். கை வைத்த நாற்காலியில் கிடாரோடு உட்கார முடியாது என்பதுதான் நான் அங்கே கற்ற முதல் பாடம். அதை மட்டும் இன்றுவரை பிசகாமல் கடைப்பிடிக்கிறேன்.

கூட்டமாகக் கற்றுக்கொள்வதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து, பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் ஜி கார்டைத் தட்டும்போது யார் எந்தக் கம்பியை விட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் விட்ட கம்பியை இன்னொருவர் அடித்திருப்பார். மொத்தத்தில் ஆறு கம்பியும் எப்படியோ ஒலித்துவிடும். வீட்டில் தனியாக வாசிக்கும்போதுதான் ஒவ்வொரு அபஸ்வரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பது தெரியவரும். மாடி வீட்டுக்காரருக்கும் தெரியவரும்.

சக மாணவர்களில் நான்கு பேரைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கிடாரை வாங்கியவர்கள் அவர்கள்தான். பணம் மட்டும் என்னுடையது.

முதலாமவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்கேல் இருக்கும். எதற்கு என்று கேட்டதில்லை, முப்பத்தைந்து வருடம் லெட்ஜரில் கோடு போட்ட கை. எந்தக் கிடாரைப் பார்த்தாலும் அவர் கேட்கும் கேள்வி, "இதைத் திரும்ப வித்தா என்ன கிடைக்கும்?" நியாயமான கேள்வி. ஃபெண்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனியே ஒருமுறை சொல்லியிருக்கிறார், புதிதாகக் கிடார் வாங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று. விற்கிறவரே இப்படிச் சொன்னால் வாங்குகிறவர் திரும்ப விற்கும் விலையைக் கேட்பதில் என்ன தப்பு?

இரண்டாமவர் ஐ.டி. தம்பி. மூன்று கிடார் வைத்திருக்கிறார், இரண்டு கார்டு தெரியும். மரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வனத்துறை அதிகாரி தோற்றுப்போவார். கிடாரின் முகப்புக்கு ஸ்ப்ரூஸ், பக்கத்துக்கும் முதுகுக்கும் ரோஸ்வுட் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது, அந்த ரோஸ்வுட் நம்முடைய ஈட்டி மரம்தான் என்று சொல்லி நான் ஒரு நாள் அவர் தியானத்தைக் கலைத்தேன். ஒரு காலத்தில் உலகத்துக் கிடார்களுக்கெல்லாம் பிரேசில் ரோஸ்வுட்தான் உயர்ந்தது. அது கிடைப்பது அரிதாகப் போய், 1992இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே தடை வந்தது. தடைக்கு முன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. கூடலூர்ப் பக்கம் கட்டிலும் பீரோவுமாகப் புழங்கிய மரம், அமெரிக்காவுக்குப் போய்க் கிடாராகி, நம் ஊர் ஐ.டி. தம்பிகள் கனவு காணும் விலைக்குத் திரும்பி வருகிறது. "அப்ப எங்க பாட்டி வீட்டுப் பீரோவுக்கு நல்ல டோன் இருக்கும்னு சொல்றீங்களா சார்?" என்று கேட்டார். இருக்கலாம், யாரும் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றேன்.

மூன்றாமவர் ஒரு நர்ஸ். கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போக வேண்டும், அதன்பிறகுதான் வலி விடும். எங்களுக்கெல்லாம் சில வாரங்களில் காய்த்துவிட்டது. அவருக்கு மட்டும் காய்க்கவே இல்லை. ஒரு ஷிப்டில் கை கழுவுகிற கணக்கே இல்லாத வேலை. சோப்பும் சானிடைசரும் ஊறவைத்து, ஞாயிற்றுக்கிழமை உண்டாக்கியதைத் திங்கட்கிழமை கரைத்துவிடும். ஆனால் எங்கள் எல்லோரையும் விட விடாப்பிடியாக வாசிக்கிறவர் அவர்தான். இணையத்தில் சலுகை விலைக்கு வாங்கிய கிடார் அவருடையது. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அந்தக் கிடாரில் கம்பி இருக்கும் உயரத்துக்கு, கைக்குட்டைகளை அதில் காயப்போடலாம்.

நான்காமவன் எட்டாம் வகுப்புப் பையன், இடது கைக்காரன். இடது கைக் கிடாருக்கு ஊரெல்லாம் அலைந்து கிடைக்காமல், அப்பாவின் பழைய கிடாரையே திருப்பிப் பிடித்துக்கொண்டான். அதனால் தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே. பார்த்தவர்கள் எல்லோரும் திருத்தப் பார்த்தார்கள். மாஸ்டர்தான், "விடுங்க, அமெரிக்காவுல எலிசபெத் காட்டன்னு ஒரு அம்மா இப்படித்தான் வாசிச்சாங்க. ஆல்பர்ட் கிங்கும் இப்படித்தான்" என்று காப்பாற்றினார். அவன் கார்டு போடுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று எதிரில் உட்கார்ந்த எனக்குத்தான் தலை சுற்றியது.

மாஸ்டருக்கு ஒரு விதி உண்டு. சேர்ந்தவுடன் கிடார் வாங்கக் கூடாது. கூடத்தில் இருக்கும் பொதுக் கிடார்களிலும் அடுத்தவர் கிடாரிலும்தான் வாசிக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று. "கிடாரைக் கண்ணாலயும் காதாலயும் வாங்காதீங்க. இப்போதைக்கு உங்களுக்குக் காது கிடையாது. விரல் சொல்றதைக் கேளுங்க" என்பார். முதலில் இது கஞ்சத்தனத்துக்கு ஒரு தத்துவப் பூச்சு என்றுதான் நினைத்தேன். மற்றவர்கள் கிடாரை மடியில் வாங்கிப் பார்த்த பிறகுதான், யோசனை கேட்கும் முறையே தலைகீழாக இருப்பது தெரிந்தது. கிடார் வாங்க யோசனை சொல்கிற ஒவ்வொருவரும், தான் வாசித்திருக்க வேண்டிய, ஆனால் வாசிக்காமல் விட்ட கிடாரைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஐ.டி. தம்பி எனக்குச் சொன்ன கிடார் அவர் மேடையேறும் அன்று அவருக்குத் தேவைப்படப்போவது. வங்கி சார் சொன்னது, அவர் விட்டுவிடப்போகும் அன்று விலைபோவது. இரண்டு நாட்களுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து சி கார்டு போட வேண்டிய நாள் ஒன்று இருக்கிறதே, அதற்கு யாரும் கிடார் சொல்லவில்லை.

முதலில் நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாரை மடியில் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு வெண்ணெய். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை, இரும்புக் கம்பிக் கிடாரில் ஏறத்தாழ எழுபது கிலோ என்றால், இதில் நாற்பதைத் தாண்டுவது கடினம். ஆனால் கழுத்து அகலம். மேல்முனையில் 52 மில்லிமீட்டர் வரும். இரும்புக் கம்பிக் கிடாரில் 43 போலத்தான் இருக்கும். ஒன்பது மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், ஜி கார்டுக்கு விரலை அகட்டும்வரை.

இந்த நைலான் கதையை வீட்டில் அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் அப்பாவின் அக்கா, எழுபத்தெட்டு வயது, எங்களோடுதான் இருக்கிறார். வீணை வாசித்தவர். மூட்டு வலி வந்து தரையில் சம்மணமிட முடியாமல் போனதும் வீணை உறைக்குள் போய்விட்டது. முன்பெல்லாம் கிடாருக்கு ஆட்டுக் குடலில்தான் கம்பி செய்தார்கள், இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர்தான் நைலானில் செய்து பார்த்தார், செகோவியா போன்ற மேதையே அதற்கு மாறிவிட்டார் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அத்தை நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "நீ வாங்கப்போறது எதுல செஞ்சது? அதை முதல்ல சொல்லு."

அடுத்த வாரம் ஐ.டி. தம்பியின் பெரிய கிடார். டிரெட்நாட் என்று பெயர். 1906இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயரை, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் தான் செய்த பெரிய உடம்புக் கிடாருக்கு வைத்தது. இன்று கடைகளில் சாதாரணமாகத் தொங்குவது பெரும்பாலும் இந்த வடிவம்தான். நல்ல கனத்த ஒலி, மறுப்பதற்கில்லை. ஆனால் இதை வடிவமைத்தவர்கள் தொப்பையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. என் வயிற்றுக்கும் கிடாரின் முதுகுக்கும் நடந்த எல்லைத் தகராறில் வலது கை கம்பியை எட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. கிடாரின் விளிம்பு அக்குளில் குத்த, கப்பலின் மேல்தளத்தில் தொங்கிக்கொண்டு வாசித்தேன். சின்ன உடம்புக் கிடார்கள் உண்டு, அவற்றைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று கடைகளில் சொல்லி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். நடுவயது ஆண்களின் உடலமைப்பைப் பற்றி அந்தக் கடைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வங்கி சார் வைத்திருந்தது யமஹா எஃப்310. "நம்ம ஆர்எக்ஸ்100 கம்பெனி, எஞ்சின் போகாது" என்று அறிமுகப்படுத்தினார். உண்மையில் வரலாறு தலைகீழ். டொராகுசு யமஹா 1887இல் ஆர்மோனியம் மாதிரியான காற்றுப்பெட்டி வாத்தியத்தோடுதான் தொடங்கினார். பைக் வந்தது 1955இல். பெட்ரோல் டேங்கில் இருக்கும் அந்த வட்டத்துக்குள் இருப்பவை மூன்று இசைக்கவைகள், பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டினோமே, அவைதான். கல்லூரிக் காலமெல்லாம் அதன்மேல் முழங்காலை அழுத்தி வண்டி ஓட்டியவர், சுருதி சேர்க்கும் கருவியைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அறியாமலே இருந்திருக்கிறார். இதைச் சொன்னதிலிருந்து அவர் ஆர்எக்ஸ்100 சத்தத்தை எந்தக் கட்டை என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

அந்தக் கிடாரின் முகப்பு ஒட்டுப்பலகை. ஐ.டி. தம்பிக்கு அது இளக்காரம். ஒரே பலகையில் இழைத்த முகப்புதான் வயதாக ஆகக் கனியும் என்பார். சரிதான். ஆனால் அந்த ஒற்றைப் பலகைக்குக் காற்றில் ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சென்னையில் அந்த அளவு ஈரப்பதம் ஏ.சி. அறைக்கு வெளியே அபூர்வம். அவருடைய விலை உயர்ந்த கிடார் மழைக்காலத்தில் உப்பி, கம்பி உயர்ந்து, சர்வீஸுக்குப் போய்விடும். கிடார் ஏ.சி. அறையில் தூங்க, அவர் கூடத்தில் தூங்குகிறாராம். ஒட்டுப்பலகை எதற்கும் அசையாது. அது கனியவும் கனியாது, அழுகவும் அழுகாது. ஏ.சி. இல்லாத நடுத்தர வர்க்கத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

கம்பி உயரம் என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அதில்தான் இருக்கிறது. அதை நான் தெரிந்துகொண்டது எஃப் கார்டால்.

எஃப் கார்டை அறியாத பாக்கியவான்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கற்கும் மற்ற கார்டுகளில் ஒரு விரலுக்கு ஒரு கம்பி. எஃப்பில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் முதல் ஃபிரெட்டில் (வீணையில் மெட்டு என்பது) குறுக்காகப் படுத்து அழுத்த வேண்டும். மிச்ச விரல்கள் அதைத் தாண்டிப் போய் வேறு மூன்று கம்பிகளைப் பிடிக்க வேண்டும். சி-யில் தொடங்கும் எளிய பாட்டு எதை எடுத்தாலும் எங்காவது ஓர் இடத்தில் எஃப் காத்திருக்கும். எங்கள் வகுப்பில் அதற்கு யாரும் பேசி வைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. எஃப் வரும் இடத்தில் பத்துக் கிடாரும் ஒரே நேரத்தில் மௌனமாகிவிடும். மாஸ்டரின் கிடார் மட்டும் தனியாகக் கேட்கும். அடுத்து சி வந்ததும் எல்லோரும் சேர்ந்துகொள்வோம். வெளியே நின்று கேட்கிறவர்களுக்கு அது ஏதோ உத்தேசித்து அமைத்த தனி ஆவர்த்தனம் மாதிரியே இருக்குமாம்.

நர்ஸ் மட்டும் மௌனமாக மாட்டார். தகர டப்பாவில் தட்டியது போன்ற ஒரு சத்தத்தோடு ஒவ்வொரு முறையும் முயல்வார். ஒரு நாள் விரலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வரவே வராது போல சார். ஊசி போடுற கைக்கு இது செட் ஆகலை" என்றார். மாஸ்டர் அவர் கிடாரை வாங்கினார். மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று காட்டினார். ஒரு தாள் நுழைகிற அளவுதான் இருக்க வேண்டுமாம். அதில் ஓர் அட்டையே போனது. வங்கி சார் உடனே ஸ்கேலை எடுத்து நடுவில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அளந்தார். கனமான கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் போதும் என்றார் மாஸ்டர். "அஞ்சு இருக்கு சார்!" என்று வங்கி சார் அறிவித்த குரலில் ஒரு மோசடியைக் கண்டுபிடித்த ஆடிட்டரின் மகிழ்ச்சி இருந்தது.

மாஸ்டர் ஒரு கேப்போவை எடுத்து முதல் ஃபிரெட்டில் மாட்டினார். அந்தக் கிளிப் ஆறு கம்பியையும் அழுத்திக் கீழே இறக்கியது. "இப்பப் போடும்மா, அதே எஃப், ஒரு ஃபிரெட் தள்ளி." நர்ஸ் போட்டார். ஆறு கம்பியும் ஒலித்தன. கூடத்தில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு அவர் அந்தக் கிடார் கம்பெனியைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை அச்சேறாது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பட்டைக்கு நட் என்று பெயர். அதில் காடி ஆழமாக வெட்டப்படாததால் கம்பி தூக்கி நின்றிருக்கிறது. மாஸ்டர் சின்ன அரம் கொண்டு ராவி, அடிப்பக்கத்துப் பட்டையையும் உரசி இறக்கினார். அரை மணி நேர வேலை. கிடாரைப் பரணில் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த அரை மணி நேரம் கிடைத்திருந்தால் போடாமல் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விரலைக் குறைசொல்லி, வயதைக் குறைசொல்லி, தனக்குச் சங்கீதம் கொடுத்துவைக்கவில்லை என்று வேறு சொல்லிக்கொண்டிருப்பார்கள். நட் குறைசொல்லப்படாமல் தப்பித்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் எனக்கும் வாங்கும் அனுமதி கிடைத்தது. அண்ணா சாலைக்கு ஐந்து பேராகப் போனோம். அங்கே 1842இல் மிஸ்க்வித் என்பவர் தொடங்கிய கடைதான் இன்றும் மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் இருக்கிறது. சென்னையில் மேற்கத்திய இசை படித்தவர்கள் பலரும் பரீட்சைக்காவது அதன் படியேறியிருப்பார்கள். அந்தச் சாலையில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளின் விற்பனையாளர்கள் எல்லோருமே பொறுமைசாலிகள் என்று எழுதி வைக்க விரும்புகிறேன். வங்கி சார் ஒவ்வொரு கிடாரையும் ஸ்கேலால் அளந்தார். ஐ.டி. தம்பி முதுகில் தட்டிக் கண்ணை மூடினார். பையன் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி வாசித்தான். நர்ஸ் கேப்போவைக் கையோடு கொண்டுவந்து, மாட்டியும் கழற்றியும் எஃப் போட்டு, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கிடாரை நிராகரித்தார். இதுதான் நான் கண்டதிலேயே உருப்படியான பரிசோதனை. "வாங்கப்போறது யாரு சார்?" என்று ஒரு விற்பனையாளர் கேட்டபோது நான் பின்வரிசையிலிருந்து கை தூக்கினேன்.

சின்ன உடம்பு, ஒட்டுப்பலகை, மெல்லிய இரும்புக் கம்பி, தாழ்ந்த நட். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. ஐ.டி. தம்பி துக்கம் விசாரிக்கும் முகத்தோடு கைகொடுத்தார்.

வீட்டில் அத்தை அதை மேலும் கீழும் பார்த்தார். மெட்டுகளை எண்ணினார். "இருபதுதானா? வீணையில 24 இருக்கும்." கிடாரைச் சுருதி சேர்க்க, தலையில் கவ்விக்கொள்ளும் சின்ன டியூனர் ஒன்றை வைத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தால் சரி. எரிந்தது. பெருமையோடு ஈ மேஜர் கார்டைத் தட்டினேன். அத்தை பல் கூசினவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"காந்தாரம் ஏறி நிக்குதுடா."

"பச்சை எரியுது அத்தை."

"எரியட்டும். காந்தாரம் ஏறித்தான் நிக்குது."

புத்தகத்தைப் புரட்டினேன். அத்தை சொன்னதுதான் சரி. கிடாரில் ஃபிரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி அடித்தவை. எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த சமரசம். அதில் பஞ்சமம் ஏறக்குறைய தப்பித்துவிடும், அந்தர காந்தாரம்தான் மாட்டிக்கொள்ளும். இயற்கையாக நிற்க வேண்டிய இடத்தைவிட, அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்கு கூடுதலாக நிற்கும். பல பேருக்குக் காதில் படாது. அத்தைக்குப் பட்டுவிட்டது.

"உலகத்துல இருக்கிற கிடார், பியானோ எல்லாமே இப்படித்தான் அத்தை."

"அப்ப உலகத்துக்கே சுருதி சரியில்லைன்னு சொல்லு."

அதற்குப் பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நான் தூங்கும் நேரத்தில், ஹாலில் ஏதோ தந்தி மீட்டும் சத்தம் அரைத்தூக்கத்தில் கேட்டது. டி.வி. என்று நினைத்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அங்கே மாஸ்டர் "ஒன், டூ, த்ரீ" சொல்ல, பத்துப் பேரும் ஜி கார்டைத் தட்டினோம்.

யார் தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது என்று முன்னால் சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வங்கி சார் ஸ்கேலைத் தேடினார். பையன், "அங்கிள், உங்க கிடாருக்கு என்னாச்சு?" என்று அக்கறையோடு கேட்டான்.

மாஸ்டர் கிடாரை வாங்கிக்கொண்டு, எந்த விரலையும் வைக்காமல் ஆறு கம்பியையும் மெல்ல வருடினார். தம்புரா கேட்டது. இன்னொரு முறை வருடினார். கீழிருந்து மேலே ச, ப, ச, ப, ப, ச. அத்தை ஈ-யை டி-க்கு இறக்கி, ஜி-யை ஏ-க்கு ஏற்றி, பி-யை ஏ-க்கு இறக்கி, அந்தக் காந்தாரம் தலைகாட்டவே முடியாதபடி எல்லாவற்றையும் ஷட்ஜமமும் பஞ்சமமுமாக ஆக்கி வைத்திருந்தார். மாஸ்டர் மெல்லிய கம்பியில் ஒற்றை விரலை மேலும் கீழும் ஓட்டினார், கீழே சுருதி நின்றுகொண்டே இருந்தது. வகுப்பை மறந்துவிட்டார் என்றே நினைத்தோம். பிறகு தலைநிமிர்ந்து, "யாரு சார் டியூன் பண்ணது?" என்றார். சொன்னேன். "அம்மாவைப் பார்க்கணுமே" என்றார்.

வந்தார். தன் கிடாரையும் கொண்டுவந்தார். அத்தை சாய்வு நாற்காலியை விட்டு நிமிர்ந்த நாற்காலிக்கு மாறி, என் கிடாரை மடியில் படுக்கவைத்துக்கொண்டார். தரையில் உட்காரத்தான் முடியாது. நாற்காலியில் வைத்து வாசிக்க ஒரு மரம் கிடைத்ததில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. "இந்த மரம் ரெண்டு கட்டைக்குத்தான் வரும். அதுக்கு மேல இழுத்தா அழும்" என்று மாஸ்டருக்கு விளக்கினார். விரல் நுனியில் வீணைத் தந்தி போட்ட பள்ளம் இன்னும் இருந்தது. மோகனத்தில் தொடங்கினார். மாஸ்டர் தன் கிடாரையும் அவர் சொன்னபடி இறக்கிக்கொண்டு பின்னாலேயே தேடிக்கொண்டு போனார். கமகம் வரும் இடத்தில் அத்தை கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தார். மாஸ்டர் இழுத்தபோது பாதிதான் வந்தது. "அங்க நிக்காதீங்க, தொட்டுட்டு வந்துடுங்க" என்றார் அத்தை. மாஸ்டர் தொட்டுவிட்டு வந்தார். மனைவி யோகா வகுப்பிலிருந்து திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். காபி போடப் போனது நான்.

திரும்பி வந்தபோது வாசிப்பு முடிந்திருந்தது. அத்தை கிடாரை இன்னும் மடியை விட்டு இறக்கவில்லை.

"எத்தனை வருஷமா வாசிக்கறீங்க?"

"நாற்பது வருஷம் இருக்கும்மா."

"பரவாயில்லை, கைவாகு இருக்கு. தினம் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணினா வந்துடும்."

மாஸ்டர் பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டு காபியை எடுத்துக்கொண்டார். எஃப் கார்டில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்க இது சமயமில்லை என்று பட்டது. தவிர, என் கிடார் இப்போதைக்குக் காலியாகவும் இல்லை.